இரண்டு மணி நேரம் தருவீர்களா?

நோயாளியைப் பார்க்கக் கிளம்பினால் நம் கால் தானாக எங்கே போகும்? தெருமுனைப் பழக்கடைக்கு. ஆறு ஆப்பிள், நாலு சாத்துக்குடி. கொஞ்சம் நெருங்கிய சொந்தம் என்றால் கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. நல்ல மரியாதைதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், அந்த வீட்டில் நீங்கள் இருந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கட்டில் ஓரமாக நின்றீர்கள். 'இப்ப எப்படி இருக்கு?' என்றீர்கள். எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று விசாரித்தீர்கள். நடுவில் ஒருத்தர் வந்து உங்கள் கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவர் முகம் ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததா? தலை வாரியிருந்தாரா?

அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

நானும் நாலு வருஷம் அப்படிக் காபி கொடுத்தவள்தான். 2009-ல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை... 'வேணாம்'. பசித்தாலும் 'வேணாம்', தாகம் எடுத்தாலும் 'வேணாம்', பேரனைப் பார்த்துச் சிரித்தாலும் 'வேணாம்'. எந்த 'வேணாம்' நிஜமான 'வேணாம்' என்று கண்டுபிடிக்கிறது தனி வித்தை. எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

உடனே எங்களை ஏதோ டி.வி. சீரியலில் வருகிற உத்தம மாமியார், உத்தம மருமகள் என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பாரில் வெல்லம் போடலாமா, கூடாதா என்று பதினைந்து வருஷம் சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்தச் சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு அத்தை படுத்துவிட்டார். கோபம்கூட வந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளைச் சொல்ல வேண்டும். பெரிய தனியார் ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு? பில்லை விளக்க ஒருத்தர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார், வரி வரியாக. மூக்கில் டியூப், பக்கத்தில் யூரின் பை, இவற்றோடு ஒரு மனுஷியை வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை விளக்க ஆன நேரம், லிஃப்ட் மேலே வந்து சேர்ந்த நேரம்தான். 'டூ அவர்ஸுக்கு ஒரு தடவை பொசிஷன் சேஞ்ச் பண்ணுங்கம்மா' என்றார் அந்தச் சின்னப் பெண். லிஃப்ட் வந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சொல்லும்போது சின்ன வாக்கியம். கணக்குப் போடுங்கள். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. இப்படி நாலு வருஷம்.

ஏன் புரட்ட வேண்டும் என்பதை அப்புறம் ஒரு நர்ஸ் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அசையாமல் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்துகிற இடங்களில், அதாவது இடுப்புக்குக் கீழே, தொடைப் பக்கத்தில், குதிகாலில் உடம்பின் பாரம் முழுக்க இறங்கும். அங்கே ரத்த ஓட்டம் நின்றால் தோல் செத்துப்போகும். முதலில் லேசான சிவப்பு. விட்டால் புண். இன்னும் விட்டால் எலும்பு வரைக்கும் குழி. ஏர் பெட் வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அது உதவி செய்யும், அவ்வளவுதான். புரட்டுகிற கை வேண்டும்.

டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைப் பக்கத்தை உயர்த்தி, பாதி உட்கார்ந்த மாதிரி வைக்க வேண்டும். ஊற்றி முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி மேலே எதுக்களித்து நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டு விடும். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். இதெல்லாம் யாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. ஆனால் நம் ஊரில், மருமகளோ மகளோ மனைவியோ ஆகிவிட்டால் தானாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு!

வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு யோசனை. புறா ரத்தத்தைச் சுடச்சுடத் தேய்த்தால் எழுந்து நடப்பார் என்றார் ஒரு மாமா. (தேய்க்கவில்லை. அத்தையும் பிழைத்தார், புறாவும் பிழைத்தது.) 'எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்...' என்று நோயாளியின் காதில் விழும்படியே ஆரம்பித்தார் இன்னொருத்தர். பேச முடியாதவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வெளியூர்ச் சொந்தம் ஒன்று வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, 'என்ன இப்படி இளைச்சிட்டாங்க, சரியாக் கொடுக்கிறதில்லையா?' என்று கேட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் கிளம்பிவிடும்.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்பு இருக்கத்தான் செய்தது. அந்த அன்பை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அக்கா. துணி மூட்டையோடு மாடிக்கு வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

''தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு எத்தினி நாளாச்சும்மா?''

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

''நான் இப்டி குந்திக்கிறேன். நீ போய் நல்லா சீயக்கா தேச்சு குளிச்சிட்டு வா. அவசரமில்ல. எங்கப்பாரு ஆறு வருசம் படுக்கைல கெடந்தாரு. எனக்குத் தெரியும்.''

அன்றைக்கு நான் குளித்த குளியலை என் கல்யாணத்தன்றுகூடக் குளித்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அவர் வருவார். இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நான் தூங்குவேன், பேங்குக்குப் போவேன், சில நாள் சும்மா மொட்டை மாடியில் நிற்பேன். பணம் கொடுத்தால், 'துணிக்குக் குடு, இதுக்கு வாணாம்' என்பார். அவர் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், என்னால் முடிந்தது அது.

ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வருகிறேன், வீட்டுக்குள் பாட்டுச் சத்தம். அக்கா பழைய பி.சுசீலா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே அத்தையின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொரு குரல், கரகரப்பாக. அத்தை! 'வேணாம்' தவிர ஒரு வார்த்தை வராத அத்தை, இரண்டு வரியை வார்த்தையோடு பாடுகிறார்!

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தை நம்பி இருக்கிறது, பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கும், அதனால் பேச்சு போனவர்களில் சிலரால் பாட முடியும் என்றார். அதை வைத்தே ராகம் போட்டுப் பேசப் பழக்குகிற ஒரு சிகிச்சை முறையும் இருக்கிறதாம். அத்தை கடைசி வரை பேசவில்லை. ஆனால் செவ்வாய், வெள்ளி பாடினார். நாங்கள் யாரும் அவரோடு பாடியதில்லை. எங்களுக்கு மாத்திரை நேரம் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

இஸ்திரி அக்கா இன்னொன்றும் சொன்னார். ''எங்கப்பாரு ரொம்ப முடியாம கெடந்தப்போ, சீக்கிரம் கூட்டிக்க தாயேன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினேன்மா. அவருக்காவவும் வேண்டிக்கினேன், எனக்காவவும் வேண்டிக்கினேன். உனக்கும் தோணும். தோணுச்சின்னா பயந்துடாத.''

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படித்துவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு வருகிற அந்த நினைப்பு உங்கள் ஒருத்தருக்கு மட்டும் வருவதில்லை. அதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. அது களைப்பு.

இந்தக் களைப்பு மனசோடு நிற்பதில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த சொந்தக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம் செய்து, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். கவனித்துக்கொள்ளும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது! கைக் காயம் ஆறுவதிலேயே அந்தக் களைப்பு தெரிகிறது.

1999-ல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் கடுமையானது. கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 'இந்தப் பாரம் என்னை அழுத்துகிறது' என்ற நிலையில் இருந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிடச் சாவின் ஆபத்து 63 சதவிகிதம் அதிகம். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கவனித்துக்கொண்டும் அந்த அழுத்தம் இல்லாமல் இருந்தவர்களுக்கு ஆபத்து அப்படிக் கூடவில்லை. ஆக, ஆளை அரிப்பது சேவை இல்லை, இறக்கி வைக்க இடமில்லாத பாரம்தான். அந்தப் பாரத்தில் கொஞ்சத்தை வெளியாட்கள் வாங்கிக்கொள்ள முடியும்.

முடியுமா என்று கேட்கிறவர்களைப் பக்கத்து மாநிலத்துக்குக் கூப்பிடுகிறேன். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சேர்ந்து, வலி தணிப்புக்காக ஒரு சின்ன கிளினிக்கைத் தொடங்கினார்கள். சீக்கிரமே அவர்களுக்கு ஒன்று புரிந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு டாக்டர் தேவைப்படுவது சில நிமிஷம். மீதி நேரமெல்லாம் தேவைப்படுவது மனுஷர்கள். அதனால் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், மலப்புரம் பக்கத்தில் ஊர்க்காரர்களையே சேர்க்க ஆரம்பித்தார்கள். ஆட்டோ டிரைவர், டீச்சர், கடைக்காரர், காலேஜ் பையன், யாராக இருந்தாலும் சரி. கேட்ட தகுதி ஒன்றே ஒன்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க முடியுமா?

இரண்டு மணி நேரம்! எங்கள் இஸ்திரி அக்கா யாரும் கேட்காமலே போட்ட அதே கணக்கு.

அப்படி வந்தவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, அப்புறம் நான்கு நாள் கூடவே போய்ப் பழகுவது. வகுப்பில் என்ன? புண் துடைப்பது, புரட்டுவது மட்டும் இல்லை. எப்படிப் பேசுவது, எப்படிப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது என்பதும்தான். செலவுக்கு ஊர்க்காரர்கள் போடுகிற சில்லறைப் பணமே பெரிய துணை. கேன்சருக்காகத் தொடங்கியது, பக்கவாதம், தண்டுவட அடி, முதுமை என்று வீட்டோடு கிடக்கிற எல்லோருக்குமாக விரிந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வர ஆரம்பித்தார்.

2010-ல் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு, 40 நாடுகளில் மனுஷர்கள் எவ்வளவு வலியில்லாமல், கவனிப்போடு சாக முடிகிறது என்று வரிசைப்படுத்தியது. இந்தியாவுக்குக் கிடைத்தது 40-வது இடம். ஆமாம், கடைசி. அதே அறிக்கையில், இந்திய மக்கள்தொகையில் வெறும் 3 சதவிகிதம் உள்ள கேரளா, நாட்டின் வலி தணிப்புச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றும் எழுதியிருந்தார்கள். பணக்கார மாநிலம் என்பதால் நடந்ததா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கை நம்முடைய விஷயமும்தான் என்று அங்கே நிறைய பேர் நினைத்தார்கள். அதனால் நடந்தது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சேவையும் பிசியோதெரபியும் தருவதை அதில் சேர்த்தார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் படுக்கையில் இருந்தால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெட்கப்படாமல் கேட்க வேண்டிய இன்னோர் இடம், ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் பெட்டி கட்டாதீர்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது, டியூபை எப்போது மாற்றுவது, எந்த மாத்திரை எதற்கு, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும், ராத்திரி சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது... எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸ் முன்னாடி நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். வீட்டு ஆண்களையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். புரட்டுவதற்கு வேண்டியது பலம். அதை ஏன் ஐம்பது கிலோ பெண்மணி தலையில் கட்ட வேண்டும்? எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணி, நாலு மணி முறை என் கணவருடையதானது இரண்டாம் வருஷம்தான். ஆனபிறகு, அம்மாவும் பிள்ளையுமாக அந்த நேரத்தில் என்னமோ 'வேணாம்... வேணாம்' என்று பேசிச் சிரிப்பது என் காதில் விழும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்கினால் நிற்காமல் விழுந்தால், பேச்சு குழறினால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அறிகுறி தொடங்கின மணியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

2013-ல் அத்தை போய்விட்டார். நாலு வருஷத்தில் உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. அந்தப் பெருமையில் பாதி இஸ்திரி அக்காவுடையது. காரியம் எல்லாம் முடிந்த பிறகும் ரொம்ப நாள் எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து போய்க் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வருவேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், 'இனிமே உனக்கு ஃப்ரீதான்' என்றார்கள். அப்படி எல்லாம் ஆகிவிடாது. நாலு வருஷம் ஒருத்தருடைய மூச்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் பழகிவிட்டு, திடீரென்று சும்மா இரு என்றால் எப்படி?

இரண்டு தெரு தள்ளி, கணவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு தனியாக இருந்த ஒரு டீச்சரம்மாவைக் காட்டியதும் இஸ்திரி அக்காதான். 'நீதான் சும்மா கீறியே' என்றார். போனேன். முதல் நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. பேசத் தேவையும் வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா உள்ளே போய்ப் படுத்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடுகள் மாறிவிட்டன, என் செவ்வாய்க்கிழமை மட்டும் மாறவில்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள். போகும்போது யோசனை எதுவும் கொண்டுபோக வேண்டாம். 'நீ தெய்வம்மா' என்றும் சொல்லாதீர்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் உதவி செய்வார்கள்? 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று பொதுவாகக் கேட்டாலும் 'ஒண்ணும் வேணாம்' என்றுதான் பதில் வரும். அதனால் நேரடியாகவே சொல்லுங்கள். 'செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வரேன். அஞ்சு மணி வரைக்கும் இங்க இருப்பேன். நீங்க போய்த் தூங்குங்க.'

சொன்னால் போக வேண்டும். அடுத்த செவ்வாயும் போக வேண்டும்.